நோயாளியின் வாய்மொழியும் ஓர் அளவுகோலே

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கோடை வந்ததும் கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அறிய நீங்கள் கயிறு விட்டுப் பார்ப்பதுண்டு. அதற்கென ஒரு முறையும் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே கயிறு. கிணற்றுச் சுவரில் அதே இடம். அப்படி அளந்தால்தான் சென்ற மாதத்தைவிட நீர் எத்தனை முழம் இறங்கியிருக்கிறது என்று திட்டமாகத் தெரியும். ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணீர் பரவாயில்லை" என்று சொல்லும் சொல்லை நம்பி நீங்கள் எவரும் கரும்பு நடுவதில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதனோடு நெருங்கிய உறவுடையது. நீடித்த இருதய நோயால் வருந்துகிறவர்களின் துன்பத்தை எட்டிப் பார்த்து மதிப்பிடாமல், முறையாக அளந்து அறிவது எப்படி என்பதே அப்பொருள். அதற்குரிய கயிறு, நோயாளியின் வாய்மொழிதான். முன்னரே வகுத்து வைத்த சில வினாக்களை, ஒவ்வொரு தடவையும் ஒரே விதமாகக் கேட்டு, நோயாளி தாமே கூறும் விடைகளைக் குறித்து வைத்து ஒப்பிடும் முறை அது. உலகின் பல மருத்துவமனைகளில் இம்முறை கையாளப்படுகிறது. நம் கிராமங்களுக்கு இதனால் என்ன பயன், இதன் எல்லை எது, இதில் ஊராட்சியின் பங்கு யாது என்பவற்றை உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

நீடித்த இருதய நோய் என்பது யாது?

இருதயம் ஓர் இறைப்பு இயந்திரம் என்பதை யாவரும் அறிவீர்கள். அந்த இயந்திரத்துக்கே இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் குறுகிவிட்டால், உழைக்கும்போது மார்வலி தோன்றும். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இருதயத்தின் வால்வுகள் பழுதடைவதும் உண்டு. நீண்ட நாள் கவனிக்கப்படாத இரத்தக் கொதிப்பு, ஒரு தடவை வந்து போன மாரடைப்பு ஆகியவற்றால் இருதயத் தசை வலுவிழப்பதும் உண்டு. இவ்வாறு பல வழிகளில் பழுதுபட்ட இருதயம், உடலுக்கு வேண்டிய இரத்தத்தைப் போதிய அளவு இறைக்க இயலாமற் போகும் நிலையை இருதயச் செயலிழப்பு என்பர். இப்பெயரைக் கேட்டு, இருதயம் நின்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மோட்டார் ஓடுகிறது, ஆனால் கடைமடைக்கு நீர் ஏறவில்லை. அதுவே நிலை.

இந்நோய் எத்துணைக் கொடியது என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலிருந்து ஒரு சான்று கூறலாம். 2013-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்து 18 மருத்துவமனைகளில் இருதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து, பின்னரும் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுடைய சராசரி வயது 61. ஓராண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பேர் இறந்துவிட்டனர். குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதினர் பலரும் அவர்களுள் இருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய நோயை ஒரு தடவை மருந்து கொடுத்துத் தீர்த்துவிட இயலாது. ஆயுள் முழுதும் மருந்து உண்டு, உப்பைக் குறைத்து, காலந்தோறும் மருத்துவரைக் கண்டு வர வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ மருத்துவர் சில நிமிடங்கள் நோயாளியைப் பார்க்கிறார். எஞ்சிய நாளெல்லாம் நோயாளி தம் வீட்டிலும் வயலிலும் இருக்கிறார். நோய் ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். அங்கே நிகழ்வதை மருத்துவருக்கு யார் தெரிவிப்பது?

"பரவாயில்லை" என்னும் சொல்

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்கிறோம். "பரவாயில்லை ஐயா" என்று விடை வருகிறது. அவ்விடையைச் சீட்டில் எழுதி, அதே மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறோம். மருத்துவப் பணியில் உள்ள எங்களுள் பலர் இத்தவற்றைச் செய்திருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

நோயாளி பொய் சொல்வதில்லை. அவர் தம் வாழ்வைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு தலையில் உரமூட்டை சுமந்து வரப்பின்மேல் நடந்தார். மூச்சு வாங்கியதால் மூட்டையை மகனிடம் விட்டார். பிறகு வயலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பிறகு தேநீர்க் கடைக்குப் போவதும் நின்றது. இப்பொழுது திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அமர்ந்திருக்கும்போது மூச்சு வாங்குவதில்லை. ஆதலின் "பரவாயில்லை" என்கிறார். திண்ணையில் இருப்பவரைப் பொறுத்தவரை அது மெய்யே. ஆனால், வயலிலிருந்து திண்ணை வரை அவர் பின்வாங்கிய தூரம் எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

நம் தாய்மார்களின் நிலை இன்னும் கடினமானது. வீட்டு வேலையைச் செய்ய இயலவில்லை என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்னும் தயக்கம் ஒருபுறம். "வயசாகிவிட்டது, அதனால்தான்" என்னும் சமாதானம் மறுபுறம். மருத்துவரிடம் வரும்போதும் கூட வந்த கணவரோ மகனோ விடை கூறுவதும், நோயாளி வாய் திறவாமல் நிற்பதும் நாம் நாள்தோறும் காணும் காட்சி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் 25 இருதய மருத்துவ நிலையங்களில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சென்ற ஒரு மாதத்துக்குள் மார்வலி வந்ததாக 411 நோயாளிகள் வினாத்தாளில் தெரிவித்தனர். அவர்களுள் 173 பேருடைய துன்பத்தை அவர்களுடைய மருத்துவர்கள் குறைவாகவே மதிப்பிட்டிருந்தனர். கருவிகளுக்கும் வசதிகளுக்கும் குறைவில்லாத இடத்திலேயே பத்துப் பேரில் நால்வரின் துன்பம் சரிவர அறியப்படவில்லை.

அளவுகோல் பிறந்த வரலாறு

நோயாளியின் நிலையை வகைப்படுத்தும் முயற்சி பழமையானது. நியூயார்க் இருதயச் சங்கத்தார் 1928-ஆம் ஆண்டிலேயே நோயாளிகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கும் முறையைத் தந்தனர். வழக்கமான வேலையில் தொல்லை இல்லாதவர் முதல் வகுப்பு. ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்குகிறவர் நான்காம் வகுப்பு. இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. எனினும், வகுப்பைத் தீர்மானிப்பவர் மருத்துவரே. ஒரே நோயாளியை ஒருவர் இரண்டாம் வகுப்பிலும் மற்றொருவர் மூன்றாம் வகுப்பிலும் வைப்பதுண்டு.

ஆகவே, நோயாளியையே நேரில் கேட்டுப் புள்ளியிடும் வினாத்தாள்கள் தோன்றின. 1980-களில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 21 வினாக்கள் கொண்ட ஒன்று உருவாயிற்று. 1995-இல் மார்வலிக்கென 19 வினாக்கள் கொண்ட சியாட்டில் வினாத்தாள் வெளியாயிற்று. இதனை அமைத்த ஜான் ஸ்பெர்டஸ் என்னும் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இருதயச் செயலிழப்புக்கென 23 வினாக்களில் கான்சாஸ் நகர வினாத்தாளை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் சுருக்கமாக 12 வினாக்கள் கொண்ட படிவம் 2015-இல் வந்தது. சில நிமிடங்களில் அதனை நிரப்பிவிடலாம்.

அவ்வினாக்களில் விந்தை ஏதும் இல்லை. கடந்த இரண்டு வாரங்களில் குளிக்க, நடக்க, விரைந்து செல்ல எவ்வளவு இடையூறு இருந்தது? காலில் வீக்கத்தோடு விழித்தெழுந்தது எத்தனை நாள்? களைப்பும் மூச்சு முட்டுதலும் எத்தனை தடவை? படுக்க இயலாமல் உட்கார்ந்தபடி உறங்க நேர்ந்ததா? வாழ்வில் மகிழ்ச்சி குன்றியதா? உற்றார் உறவினரைக் காணச் செல்ல முடிந்ததா? இவைபோன்றவையே. ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பு உண்டு. எல்லாவற்றையும் கணக்கிட்டால் 0 முதல் 100 வரை ஒரு புள்ளி கிடைக்கும். புள்ளி கூடினால் நலம் கூடுகிறது என்று பொருள். 75-க்கு மேல் நல்ல நிலை. 25-க்குக் கீழ் மிக நலிந்த நிலை. (மின்னசோட்டா முறையில் 0 முதல் 105 வரை, அங்கே புள்ளி கூடினால் துன்பம் கூடுகிறது என்று பொருள். ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளலாகாது.)

ஒரு நாள் புள்ளியைக் காட்டிலும், புள்ளியில் காணும் மாறுதலே முக்கியமானது. 5 புள்ளி மாறினால் அது நோயாளி உணரத்தக்க சிறு மாறுதல். 10 புள்ளி நடுத்தரமானது. 20 புள்ளி பெரியது. ஓர் உதாரணம் கூறுவோம். சித்திரையில் 70 புள்ளி பெற்ற ஒருவர் ஆடியில் 55 பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அன்றும் "பரவாயில்லை" என்றே சொல்லியிருப்பார். ஆனால் 15 புள்ளிகள் இறங்கிவிட்டன. உடனே மருத்துவர் கேட்க வேண்டியவை பல: மாத்திரை தவறியதா? உப்பு கூடியதா? உடலில் நீர் கோத்திருக்கிறதா? இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதா? மூட்டு வலிக்காகக் கடையில் தாமே வாங்கி உண்ட மாத்திரை நோயைக் கிளறிவிட்டதா? புள்ளி குறைந்தவர்கள் மருத்துவமனையில் சேரவும் உயிரிழக்கவும் நேரும் வாய்ப்பு மிகுதி என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. 2022-இல் அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியும், இத்தகைய வினாத்தாளைச் சிகிச்சையில் பயன்படுத்துவது நலம் தரக்கூடும் என்று கூறுகிறது.

கேட்பது மட்டும் போதுமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 1,248 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒவ்வொரு வருகையிலும் 12 வினாக்களைக் கேட்டு, புள்ளியை மருத்துவரிடம் கொடுத்துப் பார்த்தனர். ஓராண்டு கழித்து ஒப்பிட்டபோது, நோயாளிகளின் நலத்தில் இரு பிரிவுகளுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதனால் வினாத்தாள் வீண் என்று முடிவு கட்ட வேண்டுவதில்லை. ஆயினும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கிணற்றை அளந்து குறித்து வைத்தால் மட்டும் பயிர் பிழைக்காது. நீர் இறங்கியது கண்டு மடை மாற்றினால்தான் பிழைக்கும். விடையைக் கேட்டு அதன்மேல் ஒருவரும் நடவடிக்கை எடுக்காவிடில், படிவம் நிரப்பும் வேலை ஒன்று கூடியதுதான் மிச்சம். நம் அலுவலகங்களில் படிவங்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, "புள்ளி இறங்கினால் யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்வது?" என்பதை முன்கூட்டியே தீர்மானித்த பிறகே வினாவைத் தொடங்குதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. மூச்சு வாங்குவதற்கு இருதயம் மட்டுமே காரணம் அன்று. இரத்தச் சோகையாலும் வாங்கும். புகையடுப்பால் கெட்ட நுரையீரலாலும் வாங்கும். முழங்கால் வலியாலும் நடை குறையும். எது காரணம் என்பதை மருத்துவர் பரிசோதித்தே அறிய வேண்டும். வினாத்தாள் அந்தப் பரிசோதனைக்கோ இ.சி.ஜி. முதலிய சோதனைகளுக்கோ மாற்று ஆகாது. எங்கே பார்க்க வேண்டும் என்று அது வழி காட்டும், அவ்வளவே.

நம் மண்ணுக்கு ஏற்ற வினா

அயல்நாட்டு வினாத்தாள், மூன்று தலையணை வைத்தோ நாற்காலியில் அமர்ந்தோ உறங்க நேர்ந்ததா என்று கேட்கிறது. நம் கிராமத்து வீடுகளில் மூன்று தலையணை எங்கே இருக்கிறது? பாயில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நெல்மூட்டையில் சாய்ந்து உறங்கும் தாயிடம் தலையணைக் கணக்கைக் கேட்டால், "இல்லை" என்றே விடை வரும். மிகக் கடுமையான அறிகுறி ஒன்று அந்த ஒரு சொல்லில் மறைந்து போகும். "சுவரிலோ மூட்டையிலோ சாய்ந்தபடி இரவைக் கழித்தீர்களா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

அவ்வாறே, தோட்ட வேலை, கடைச் சாமான் சுமத்தல் என்பனவற்றைப் பற்றி அங்கே கேட்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது, குடம் நீர் தூக்குவது, களை எடுப்பது, மாட்டைப் பிடித்துக் கட்டுவது, பேருந்து நிற்கும் இடம் வரை நடப்பது ஆகியவற்றைப் பற்றி. முறையான வினாத்தாளை நம் விருப்பம்போல் மாற்றிப் புள்ளியிடுதல் கூடாது. உரிமை பெற்று, மொழிபெயர்த்து, சோதித்துப் பார்த்த பிறகே அதனைப் பயன்படுத்த வேண்டும். அது மருத்துவர்களின் பொறுப்பு. ஆயினும், புள்ளி இல்லாமலே, எளிய சில வினாக்களை ஒரே விதமாகக் கேட்டுக் குறித்து வருவதற்குத் தடையில்லை.

அவ்வினாக்கள் இவை:

1. கடந்த இரண்டு வாரங்களில், மூச்சு வாங்குவதாலோ களைப்பாலோ எந்த வேலையை நிறுத்தினீர்கள், அல்லது பிறரிடம் விட்டீர்கள்?

2. சம தரையில் நிற்காமல் எதுவரை நடக்க முடிகிறது? (கோயில், பள்ளி, கடை என ஊரில் உள்ள ஓர் இடத்தைக் குறிக்கவும்.)

3. எத்தனை இரவு சாய்ந்தோ உட்கார்ந்தோ உறங்கினீர்கள்? எத்தனை இரவு மூச்சு முட்டி எழுந்தீர்கள்?

4. எத்தனை நாள் காலில் வீக்கம் இருந்தது?

5. எத்தனை முறை மார்வலியோ நெஞ்சு அழுத்தமோ வந்தது?

6. எத்தனை நாள் மாத்திரை தவறியது? காரணம் யாது?

7. எத்தனை நாள் மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி இருந்தீர்கள்?

ஊராட்சி செய்யத்தக்கவை

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு தரும் பணியில் மகளிர் தன்னார்வலர்கள் ஈடுபடுத்தப்பட்டார்கள். அத்தகைய சகோதரிகள் வீட்டுக்கு வருமிடத்தில், மாத்திரை கொடுக்கும் வேளையிலேயே இந்த ஏழு வினாக்களையும் கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் இசைவைப் பெற்று, அவருடைய மேற்பார்வையில் இதனைச் செய்தல் வேண்டும்.

ஒவ்வொரு நோயாளியிடமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பக்கத்துக்கு ஒரு தேதி. அதன்கீழ் ஏழு விடைகள். மருத்துவரிடம் செல்லும்போது அது கூடவே செல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தன்னார்வலர் வாசித்துக் காட்டி விடையை எழுதலாம். ஆனால் விடை நோயாளியுடையதாகவே இருக்க வேண்டும். "உங்களுக்கு வீக்கம் இல்லையே?" என்று விடையைப் புகுத்திக் கேட்பது தவறு. இயன்றவரை தனியே வைத்துக் கேட்டல் நன்று. மாமியார் முன்னிலையில் மருமகளும், மகன் முன்னிலையில் தாயும் தம் துன்பத்தைக் குறைத்தே சொல்வார்கள். ஒருவர் உடல்நிலை அவருக்கே உரிய செய்தி. கிராமசபையில் பெயர் சொல்லி அதனைப் பேசலாகாது. நோட்டுப் புத்தகம் ஊராட்சி அலுவலகத்துக்கு வரவும் வேண்டுவதில்லை.

கிராமசபையில் பேச வேண்டியவை வேறு. மாத்திரை தவறியதற்குப் பலர் ஒரே காரணத்தைக் கூறுகிறார்களா? மருந்து இருப்பில் இல்லையா? மருத்துவ நாளன்று பேருந்து வசதி இல்லையா? விதைப்பு, அறுவடைக் காலங்களில் கூலியை இழக்க அஞ்சி மருத்துவரிடம் செல்லாதிருக்கிறார்களா? இவற்றைத் தீர்ப்பது ஊராட்சியால் இயலும். எடை பார்க்கும் கருவி ஒன்றை ஊரில் பொது இடத்தில் வைப்பதும் பெரும் செலவன்று. இருதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறினால், பெரும்பாலும் அது உடலில் கோத்த நீரே. தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்.

ஒன்றை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டுகிறோம். ஓய்விலும் மூச்சு முட்டுதல், நீடித்த மார்வலி, மயக்கம், வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை தோன்றினால், நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. உடனே 108 எண்ணுக்குத் தெரிவித்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நண்பர்களே! உங்கள் ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் உங்கள் நினைவுக்கு இப்போது வந்திருப்பார்கள். ஊர் திரும்பியதும் அவர்களில் ஒருவரிடம் சென்று அமருங்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "போன வருஷம் எதுவரை நடந்தீர்கள், இப்போது எதுவரை நடக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் கூறும் விடையை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது அவர் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்த ஒரு தாளைக் கண்டு மருத்துவர் மருந்தை மாற்றவும், அவர் மீண்டும் வயல் வரப்பு வரை நடந்து செல்லவும் கூடுமானால், இன்று நாம் இங்கே கூடிய வேளை பயனுள்ளதாகும்.